அரக்கில் பதிந்த சீனக்காசு

“தண்ணி ஏற ரெண்டு மணி நேரந்தான்! தோண்டுறதை அதுக்குள்ள தோண்டுங்க. அப்புறம் இந்தத் திட்டை மீன்தான் தேடணும்!” என்று படகோட்டி கஸ்பார் கத்தினான்.

முதல் ஆளாகக் குதித்தாள் ஜுலைகா. காயல்பட்டினத்திலிருந்து மூன்று மணி நேரக் கடல். நீர் வற்றினால் மட்டும் தலைகாட்டும் நண்டுத்திட்டு. பதினோரு வருடத்துக்கு முன் கஸ்பாரின் வலையில் இங்கேதான் ஒரு சதுர ஓட்டைச் சீனக்காசு சிக்கியது. அதை வாங்கிய அவள் வாப்பா சதக்கு மரைக்கார், நாணய நிபுணர் பொன்னம்பலநாதனிடம் காட்டினார். “அளவு பெரிசு. கள்ள வார்ப்பு” என்று நடுபஜாரில் தீர்ப்பு வந்தது. ‘போலி எப்படியிருக்கும் என்று காட்ட உதவும்’ எனப் பித்தளை விலைக்கு நிபுணரே அதை எடுத்துக்கொண்டார். மரைக்காருக்கு மிஞ்சியது ஒரு பட்டப்பெயர்: கள்ளக்காசு மரைக்கார். அந்தப் பெயரோடுதான் கபுர்க்குழிக்குள் போனார்.

போன வாரப் புயல் திட்டைப் புரட்டியதில் ஒரு பானை வாய் தெரிவதாகக் கஸ்பார் சேதி சொன்னான். வாப்பாவின் பெயரைத் துடைக்க இதை விட்டால் வேறு வழியில்லை. சாட்சிக்கு ஜுலைகா கூட்டி வந்ததும் அதே பொன்னம்பலநாதனைத்தான். பஜார் சொந்தத் தராசையே சந்தேகிக்கும். அவர் பூதக்கண்ணாடியைச் சந்தேகிக்காது.

‘ணங்!’ மண்வெட்டி பானையில் பட்டது. உடைந்த மூடியை நெம்பியதும் சீறி வந்தது ஒரு கடற்பாம்பு! கஸ்பார் துடுப்பால் அதை அள்ளிக் கடலுக்கு வீசினான். உள்ளே, கொத்துக் கொத்தாகக் காசுகள்!

நிபுணர் தன்னை மறந்தார். “விளிம்புல அரம் போட்ட கோட்டைப் பாரும்மா! பச்சைக் களிம்பு நகத்தால சுரண்டினாலும் வரலை. பூசின களிம்புன்னா இந்நேரம் விரல்ல ஒட்டியிருக்கும். அத்தனையும் அசல்!”

ஜுலைகா இடுப்பிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். கைவிட்டுப் போகும் எந்தப் பொருளையும் அரக்கில் பதித்து வைப்பது வாப்பாவின் பழக்கம். டப்பாவிலிருந்த அரக்கு வில்லையில் அந்தப் பழைய காசின் அச்சு. பானைக் காசை அதில் வைத்தாள். அதே எழுத்து, அதே ஓட்டை. ஆனால் காசு ஆடியது. சுற்றிலும் நூலளவு இடைவெளி.

“பாத்தியா? உங்க வாப்பா காசு பெரிசுதான். அன்னிக்கே சொன்னேன்ல?” என்றார் நிபுணர், அவசரமாக.

கஸ்பார் எட்டிப் பார்த்தான். “அது எப்படி சார்? வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவன் நான். மரக்குண்டை மண்ணுல அழுத்தி, அந்தக் குழியில ஈயத்தை ஊத்துவேன். ஆறினா சிறுத்துத்தான் வரும், ஒரு நாளும் பெருத்ததில்ல. இந்தக் காசை வச்சுக் கள்ளம் வார்த்தா, இதைவிடச் சின்னதால்லா இருக்கணும்? பெரிசுன்னா, அது இதுக்கெல்லாம் ஆத்தா!”

பூதக்கண்ணாடி மணலில் விழுந்தது.

“தெரிஞ்சேதான் சொன்னியளா, மாமா?”

“தாய்க்காசும்மா. அச்சுக்குன்னே செஞ்சது. ஆயிரத்துல ஒண்ணு கிடைக்காது. ஆசை...”

“இப்ப எங்க?”

“சிங்கப்பூர்ல. வித்து ஒம்பது வருஷமாச்சு.”

கணுக்காலைத் தொட்டது தண்ணீர். ஜுலைகா பானையோடு படகில் ஏறினாள். “தள்ளுங்க அண்ணே!” படகு நாலு ஆள் நீளம் விலகியது.

“ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதும்மா!” என்று திட்டில் நின்ற நிபுணர் அலறினார்.

“எழுதத் தெரியும்லா!” படகில் கிடந்த அவர் நோட்டையும் பேனாவையும் அவர் கைக்கே எறிந்தாள்.

முழங்காலில் தண்ணீர் நின்றபோது அவர் தேதி போட்டார். ‘தெரிந்தே பொய் சொன்னேன்’ என்ற வரிக்கு வந்தபோது இடுப்பு நனைந்திருந்தது. கையெழுத்து விழுந்த பிறகுதான் கஸ்பார் துடுப்பை நீட்டினான்.

பானை அரசாங்க அலுவலகத்துக்குப் போனது. கடிதத்தை ஜுலைகா அதே பஜாரில் நின்று உரக்க வாசித்தாள்.

“நாங்க அப்பவே நெனச்சோம்” என்றது ஜவுளிக்கடை.

“மரைக்கார் தங்கமான மனுசர்லா!” என்றது மளிகைக்கடை. அவர் சலாமுக்குப் பதில் சொல்லாத வாய்கள்!

அத்தர்க்கடைக்காரர் மட்டும் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏம்மா, அந்தத் தாய்க்காசு இப்ப என்ன விலைக்குப் போவும்?”

ஜுலைகா கடிதத்தை மடித்து அரக்கு வில்லையின் மேல் வைத்து டப்பாவை மூடினாள்.

கைவிட்டுப் போன பொருளுக்கெல்லாம் மரைக்கார் அச்சு எடுத்தார். நிபுணர் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு மட்டும் எடுக்காமல் விட்டார். நீங்கள் அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், உயிரோடு இருக்கும்போதே.