கோட்டுப் பையில் சிரித்தது யார்?

சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரு வயதுக் குழந்தையின் சிரிப்பு. கிளுக்... கிளுக்... கிளுக்!

சிரித்தது குழந்தையன்று. ஒரு செல்போன்!

அது அத்தானின் கோட்டுக்குள்ளிருந்து சிரித்தது.

அக்காவின் பிள்ளைகளோடு வந்திருந்த சித்தி சட்டென்று திரும்பினாள்.

மியூசியக் கூடத்தில், தலைக்கு மேலே டைனோசரின் எலும்புக்கூடு வாயைப் பிளந்து நின்றது. கீழே பள்ளி விடுமுறைக் கூட்டம். தள்ளுவண்டிகள், அழுகைகள், சிந்திய பழச்சாறு, 'தொடாதே... தொடாதே' என்று ஓயாத தாய்மார்கள். அந்தக் கூட்டத்தில் அத்தானின் மகள், எட்டு வயதுப் பெரியவளைக் காணோம். காணாமற்போய்ப் பதினைந்து நிமிடங்கள் ஆகிவிட்டன.

அத்தான் தம் செல்போனில் மகளின் படத்தைக் காவலாளிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார். அந்தப் பதற்றம் பொய்யன்று. பெற்ற வயிறு என்பது தகப்பனுக்கும் உண்டு.

அவருடைய செல்போன் அவர் கையில் இருந்தது.

அப்படியானால், கோட்டுக்குள் சிரிப்பது?

"சார், உங்க இன்னொரு போன் அடிக்குது," என்றார் மீசைக்காரக் காவலாளி.

"எனக்கு ஒரு போன்தான்."

"அப்போ உங்க நெஞ்சுதான் சிரிக்குது போல!"

அத்தான் சிரிக்கவில்லை. மறு கையால் கோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

சித்தியும் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டவுடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஏழு ஆண்டுகளுக்கு முன், சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கரண்டியை மூக்கில் தொங்கவிட்டுப் பெரியவளைச் சிரிக்க வைத்தவளே அவள்தான். அதைப் பதிவு செய்து ரிங்டோனாக வைத்துக்கொண்டவள் அக்கா. உலகத்தில் வேறெந்தச் செல்போனும் அப்படிச் சிரிக்காது.

அக்கா வீட்டை விட்டுப் போய் எட்டு மாதங்கள்.

செல்போனையும் எடுத்துக்கொண்டு போனாள் என்றுதான் அத்தான் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்!

"அத்தான்... கையை எடுங்க."

"இரு... முதல்ல பொண்ணைத் தேடுவோம்..."

"கையை எடுங்கன்னேன்!"

அவளே கோட்டுக்குள் கையை விட்டாள். உருவினாள். நீல உறை. ஓரத்தில் அக்கா மகன் சின்னவன் பல் முளைத்தபோது கடித்த தடம்.

பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"ஹலோ..."

"மேடம், மியூசியம் தகவல் கவுண்டர்ல இருந்து பேசறேன். உங்க பொண்ணு இங்க பத்திரமா இருக்கா. பதறாதீங்க. அவ கைப்பட்டையில எழுதியிருந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டோம். இருங்க, அவளே பேசணுமாம்."

மறுமுனையில் மூச்சிரைப்பு.

"அம்மா?"

அக்காவுக்கும் அவளுக்கும் ஒரே குரல். போனில் பெற்ற தாயே ஆளை மாற்றிப் பேசியிருக்கிறாள்.

"அம்மா! எடுத்துட்டியா! நீ எடுத்துட்டியா!"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"அங்கேயே இரு கண்ணு... வரேன்."

"சரிம்மா! நான் நகரவே மாட்டேன்மா!"

இணைப்பு அறுந்தது.

"கிடைச்சுட்டாளா?" என்றார் அத்தான். முகத்தில் ஒரு கணம் உண்மையான வெளிச்சம். மறுகணம் அவருடைய பார்வை நீல உறையின் மேல் விழுந்தது. வெளிச்சம் அணைந்தது.

"இது எப்படி உங்ககிட்ட?"

"மெதுவா பேசு. பையன் கேக்கறான்."

சின்னவன் கேட்கவில்லை. அவனுக்கு வயது ஐந்து. எலும்புக்கூட்டின் விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தான். பன்னிரண்டுக்குப் பிறகு வழி தெரியாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினான்.

"எப்படி, அத்தான்?"

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"அவ விட்டுட்டுப் போயிட்டா. மேசை மேல கிடந்துது. பிள்ளைங்க ஏங்கிடக் கூடாது, நீ ஏங்கிடக் கூடாதுன்னு நான்தான் அவ பேர்ல மெசேஜ் போட்டேன். மனசாலதான் செஞ்சேன். தப்பா?"

நம்பிவிடத்தான் ஆசை! நம்பினால், அக்கா எங்கேயோ உயிரோடு இருப்பாள். வேறொரு வீட்டில், வேறொரு சன்னலோரத்தில், தலை வாரிக்கொண்டு இருப்பாள். அவள் மீது இன்னும் கோபப்படலாம். என்றைக்காவது மன்னிக்கவும் செய்யலாம்.

சித்தி தன் செல்போன் திரையைப் பார்த்தாள்.

இன்று காலை பத்து நாற்பதுக்கு அக்கா பேரில் வந்த வரி: 'லீவு நல்லா போகுதா? என்னைத் தேடாதே.'

அதன் கீழே, நுழைவு வரிசையில் நின்றபடி அவளே அனுப்பிய பதில்: 'பெத்ததுகளை விட்டுட்டு ஓடினவளுக்கு லீவு ஒரு கேடா? இனி என் முகத்துல முழிக்காதே.'

அக்காவுக்கு அனுப்பியது. படித்தவர் இவர்! மூன்றடி தள்ளிப் பை ஒப்படைக்கும் வரிசையில் நின்று, தலை குனிந்து, எல்லாவற்றையும் படித்திருக்கிறார்.

எட்டு மாதங்களில் மூன்றே மூன்று மெசேஜ்கள். மூன்றும் விடுமுறை நாட்களில். 'லீவு வந்தால் பிள்ளைகள் நினைப்பு வருகிறது போலும்' என்று அவள் தலையணையை நனைத்திருந்தாள்.

"அத்தான்... ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்."

"கேளு."

"எங்களுக்காகத்தானே அனுப்பினீங்க? வீட்டுல சோபாவுல உக்காந்தே அனுப்பியிருக்கலாமே?"

அவர் விழித்தார்.

"ஒவ்வொரு லீவுக்கும் ஒவ்வொரு பெரிய ஊரு. ஒவ்வொரு மியூசியம். அங்க வந்து ஆன் பண்ணி, அனுப்பிட்டு, ஆஃப் பண்ணி... எதுக்கு? போன் டவரைப் பார்த்துட்டு ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்க அக்கா ஊர் ஊரா சுத்தறாங்கம்மா, நல்லாத்தான் இருக்காங்க'ன்னாங்க! அக்கா சுத்தல அத்தான். நீங்க அவ போனைச் சுத்திக் காட்டினீங்க. பிள்ளைங்களைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு!"

பள்ளிக் காலண்டரை அந்த மெசேஜ்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றும் அவர் அனுப்பிய கையோடு அணைத்திருப்பார். அதற்குள் மகளைக் காணோம் என்றார்கள். பதறினார். மறந்தார்.

"எங்க அக்கா எங்க?"

அத்தான் குனிந்தார். சின்னவனை வாரித் தோளில் போட்டார். ஓடினார்!

"பிடிங்க... அவரைப் பிடிங்க!"

மீசைக்காரர் விசிலை ஊதினார். கூட்டம் பிளந்தது. ஒரு தள்ளுவண்டி கவிழ்ந்தது. நல்ல வேளையாக உள்ளே பொம்மை யானை மட்டுமே இருந்தது. சித்தி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டு ஓடினாள். தலையில்லாச் சிலைகள், கண்ணாடிப் பெட்டிகள், அடைத்த கரடி... எல்லாம் பின்னால் பறந்தன.

வெளிவாசல்.

அங்கே கத்தரிக்கோலுடன் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். விடுமுறைக் காலத்துக்கென்று இந்த மாதிரிப் பெரிய மியூசியங்களில் ஒரு விதி உண்டு. நுழையும்போது, குழந்தைக்கும் அதை அழைத்து வருபவருக்கும் ஒரே எண்ணுள்ள காகிதக் கைப்பட்டை ஒட்டுவார்கள். குழந்தையின் பட்டையில், தொலைந்தால் கூப்பிட ஒரு போன் நம்பரையும் எழுதச் சொல்வார்கள். வெளியேறும்போது இரண்டு எண்ணும் ஒத்திருந்தால்தான் வெட்டி அனுப்புவார்கள். காலையில் பிள்ளைகளோடு வரிசையில் நின்றவள் சித்தி. பைகளை ஒப்படைக்கப் போன அத்தானுக்குக் கிடைத்தது தனிப் பட்டை.

"எண் ஒத்துப் போகலையே சார்."

"நான் இவன் அப்பா! வழி விடுங்க!"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

"அவசரம்மா! பையனுக்கு உடம்பு சரியில்லை!"

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றான் சின்னவன் தோளிலிருந்து. "அப்பா, சித்தி செருப்பு அங்கேயே விழுந்துடுச்சு."

கத்தரிக்கோல் பெண்மணி கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். சத்தமில்லாமல், பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைப்பது போல.

அத்தான் மூடிய கதவைப் பார்த்தார். மகனை இறக்கிவிட்டார். தரையில் அப்படியே உட்கார்ந்தார். மீசைக்காரர் வந்து பின்னால் நின்றுகொண்டார்.

சித்தி மூச்சு வாங்கினாள்.

"இவனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க," என்று பெண்மணியிடம் சொன்னாள். சின்னவன் போகும் வரை காத்திருந்தாள். பிறகு அவர் எதிரே குந்தினாள்.

"இருக்காளா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

இத்தனை நாளும் அந்த ஒரு தலையாட்டலுக்குத்தான் பயந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சண்டை... மாடிப்படி மேல... ஒரே ஒரு தள்ளு. அவ்வளவுதான். அவ எழுந்துக்கவே இல்லை."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"வீட்டுலதான்... கார் ஷெட்டுல... புதுசா தரை போட்டேனே..."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தரையில்தான் சின்னவன் தினமும் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிறான். வழவழவென்று நன்றாக இருக்கிறது என்று அவளே பாராட்டியிருக்கிறாள்!

இன்ஸ்பெக்டர் வந்தார். நரைத்த தலை, தேய்ந்த பூட்ஸ். கேட்டார். எழுதிக்கொண்டார். அத்தானை இரண்டு போலீஸ்காரர்கள் பக்கவாட்டு வாசல் வழியாகக் கூட்டிப் போனார்கள். போகும்போது அவர் ஒரு தடவை திரும்பி, தகவல் கவுண்டர் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"பொண்ணுகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சொல்லணும் சார்."

தகவல் கவுண்டர்.

பெரியவள் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் தரைக்கு எட்டவில்லை. ஈரக் கையால் தலையைப் படியச் சீவியிருந்தாள். சட்டைப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்தாள். யாரோ முக்கியமானவர் வரப்போகிறார் என்பது போல.

சித்தியைப் பார்த்ததும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எங்க சித்தி?"

"கண்ணு..."

"இப்பதானே பேசினாங்க? வரேன்னாங்களே?"

"அது... நான்தான்டா பேசினேன்."

குழந்தையின் உதடுகள் துடித்தன. ஆனால் அழவில்லை. கணக்கில் எங்கே தவறு என்று தேடுகிறவளைப் போல் நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா நம்பர்தான் எழுதினேன். சரியாத்தான் எழுதினேன். நீங்க தம்பிக்குப் பட்டை ஒட்டிக்கிட்டு இருந்தப்போ நானே எழுதினேன்."

"சரியாத்தான் எழுதியிருக்க. பயந்துட்டியா, வழி தெரியாம?"

"வழி தெரியுமே!"

"அப்புறம் எப்படித் தொலைஞ்ச?"

பெரியவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் தொலையல சித்தி. வேணும்னேதான் வந்தேன்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது!

"தொலைஞ்சா பட்டையில இருக்கற நம்பருக்குக் கூப்பிடுவாங்கன்னு முதல் மியூசியத்துலயே சொன்னாங்க. அங்க அப்பா சீக்கிரம் கண்டுபிடிச்சுட்டார். ரெண்டாவது மியூசியத்துல கூப்பிட்டாங்க, ஆனா அம்மா போன் ஆஃப்ல இருந்துது. அதனால ஒலிபெருக்கியில அப்பாவைக் கூப்பிட்டுட்டாங்க. இன்னிக்கு அடிச்சுது! அப்பா கூப்பிட்டா அம்மா வரமாட்டாங்க. நீங்க கூப்பிட்டாலும் வரமாட்டாங்க. ஆனா நான் தொலைஞ்சுட்டேன்னா வந்துடுவாங்க இல்ல?"

சித்தி அவளை அள்ளி எடுத்தாள். சொல்ல வேண்டியதைக் காதருகே சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். பொய் கலக்காமல் சொன்னாள்.

வெகுநேரம் அந்தச் சின்ன முதுகு குலுங்கியது. கவுண்டர்க்காரி மேசைக்கடியில் குனிந்து, தேடாத எதையோ தேடினாள்.

கடைசியில் பெரியவள் ஈர முகத்தை நிமிர்த்தினாள்.

"இனிமே நான் தொலையவே மாட்டேன் சித்தி."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். மூக்கை உறிஞ்சினார். நோட்டை மூடினார்.

"தேடத் தெரிஞ்ச போலீஸ்காரன் ஊருக்கு ஊர் நூறு பேர் இருக்கோம்மா," என்றார். "எட்டு மாசமா எங்களுக்கு இல்லாம போனது, சரியாத் தொலையத் தெரிஞ்ச ஒரே ஒரு ஆளுதான்!"