கடைசிச் சுருக்கு

அந்தப் பழைய பேக்கரியில் விடியற்காலை மாவு பிசையச் சேர்ந்தேன். பேய்க்குப் பயந்து, விளக்கு எரிகிற பக்கமாகவே தெருவில் நடக்கும் வீரன் நான். உள்ளே ஈரச் சுவர், புளித்த மாவின் வாசனை, எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம்.

அடுப்பின் பின்சுவர் எப்போதும் சூடாக இருக்கும். சந்தில் அதை ஒட்டித் தெருப்பிள்ளைகள் உறங்குவார்கள். ஆளுக்கொரு கணுக்காலில் சுருக்கு. எல்லாரையும் கோத்த ஒரே சணல் கயிறு. பிள்ளைகளை அள்ளிப்போகும் வேன் வந்தால், முதலில் விழித்தவர் இழுப்பார். மற்றவர்கள் சுருக்கை உதறிவிட்டு ஓடுவார்கள்.

ரொட்டி கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். வாய்விட்டுக் கேட்பது பார்சல் கட்டும் சணல் மட்டும்தான்.

கடைசிச் சுருக்கு காலியாகக் கிடந்தது.

"இது யாருக்கு?"

"மொட்டைக்கு," என்றாள் பெரியக்கா. எல்லாரிலும் மூத்தவள், என் இடுப்பு உயரம்.

"அவன் எங்க?"

"வேனுக்குப் பயந்து ஓடினான். லாரில அடிபட்டுச் செத்துட்டான்." மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். "இப்பவும் வேன் வந்தா அவன்தாண்ணே மொதல்ல இழுப்பான்."

"செத்தும் டியூட்டியா? எங்க மொதலாளி காதுல போட்டுறாத, என்னையும் கேப்பாரு."

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் ஜன்னல் வழியே பார்த்தேன். காலிச் சுருக்கு மெல்ல எழுந்து நின்றது.

உள்ளே ஒரு கணுக்கால் இருப்பதுபோல வட்டமாக விரிந்தது.

இழுத்தது.

பிள்ளைகள் ஓடி மறைந்த பிறகுதான் வேன் வந்தது.

சில நாளில் காய்ச்சலோடு ஒரு புதுக் குழந்தை வந்து ஒட்டிக்கொண்டது. அன்று பார்த்து என்னிடமும் சணல் தீர்ந்திருந்தது. பெரியக்கா கடைசிச் சுருக்கை அதன் காலில் மாட்டினாள்.

"அப்ப மொட்டை?"

"அவன் வேற எடம் பாத்துக்குவான்."

மறுநாள் விடியலில் சந்து முனையில் வேன் நின்றது. கயிறு அசையவில்லை. பிள்ளைகள் அடித்துப் போட்டாற்போல் உறங்கினார்கள். கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

என் கணுக்காலை எதுவோ இழுத்தது.

சில்லென்று.

விழுந்தேன். அடுக்கி வைத்திருந்த தகரத் தட்டுகளும் என்னோடு விழுந்து அலறின. அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். காய்ச்சல் குழந்தை பெரியக்காவின் முதுகில். என் வீரச்செயல் இவ்வளவுதான்: விழுந்தது.

காலைப் பார்த்தேன். ஈரச் சணல். சின்னக் கை போட்ட சுருக்கு.

"இத யாருங்க கட்டுனது?" என்று கேட்டு வீட்டில் என் மனைவி கத்தரியால் வெட்டிப் போட்டாள். தூங்கி எழுந்தால் மறுபடி காலில் இருந்தது. அப்புறம் அவள் கேட்கவில்லை. எனக்கும் பழகிவிட்டது. அது இழுத்தால் தட்டைக் கீழே போடுவேன். பேக்கரி மாஸ்டர் எனக்கு 'ஓட்டைக்கை' என்று பெயர் வைத்துவிட்டார்.

இன்று பேக்கரிக்கு விடுமுறை. ஊரின் மறுகோடியில், என் கட்டிலில் படுத்திருக்கிறேன். அடுப்பு எரியாவிட்டாலும் அந்தச் சுவரில் நேற்றைய சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். பிள்ளைகள் அங்கேதான் உறங்குவார்கள்.

கயிறு இழுக்கிறது.

விடாமல் இழுக்கிறது.