உச்சிவேளை விருந்தாளி

நடையில் எட்டுக் கொக்கிகள் இருந்தன. அவற்றில் நாலில்தான் ஏதாவது தொங்க வேண்டும்: பொம்பீலியாவின் கறுப்புத் துண்டு, மகள் தொனாத்தாவின் துணித்தொப்பி, இரண்டாம் அறையில் தங்கியிருந்த டச்சுத் தம்பதியின் வெள்ளைத் தொப்பிகள் இரண்டு. அன்று காலை காப்பிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அந்த வழியாகப் போன பொம்பீலியா, ஐந்தாவது கொக்கியில் ஒரு வைக்கோல் தொப்பி தொங்குவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

தொட்டுப் பார்த்தாள். சுட்டது. ஒரு முழம் கனமுள்ள கல் சுவர்கள், வெயில் எட்டிப் பார்க்காத நடை, ஆகஸ்டில்கூட வெறுங்காலுக்குத் தரை சில்லென்று இருக்கும். அங்கே அந்தத் தொப்பி, யாரோ இப்போதுதான் தலையிலிருந்து கழற்றி மாட்டியதுபோலச் சுட்டது.

“ஏண்டி, இது யாரோடது?”

சமையலறையிலிருந்து தொனாத்தா எட்டிப் பார்த்தாள். “டச்சுக்காரர் வாங்கியிருப்பார் மா. போற ஊர்லயெல்லாம் ஒரு தொப்பி வாங்குற மனுஷன்.”

“சூடா இருக்குடி.”

“ஜூலை மாசம். எல்லாந்தான் சூடா இருக்கு. நீயுந்தான் காலையிலேர்ந்து சூடா இருக்க.”

இருபத்தொன்பது வயதில் அவளுக்கு வாய் மட்டும் அப்படியே பொம்பீலியாவுடையது. அதற்காகவே அவளைத் திட்ட மனம் வராது. பொம்பீலியா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். துடைத்த பிறகும் விரல் நுனியில் கருகிய வைக்கோல் வாசனை போகவில்லை.

கலமூராவில் மதியம் ஒன்றடித்தால் ஊர் செத்துப்போகும். கடைக் கதவுகள் இறங்கும், ஜன்னல் பலகைகள் சாத்தப்படும், கதவுகளுக்கு உள்ளிருந்து இரும்புத் தாழ் விழும். நாலு மணிக்கு மாதா கோவில் மணி அடிக்கும்வரை தெருவில் நாய்கூட இருக்காது. கொந்த்ரோரா என்பார்கள், உச்சிவேளை. கடலையும் கல்குடிசைகளையும் பழைய தேவாலயங்களையும் பார்க்க வருகிறவர்கள், இந்த ஊர்க்காரர்கள் என்னமாய்த் தூங்குகிறார்கள் என்று சிரிப்பார்கள். தூங்குவதற்கு எவராவது இரும்புத் தாழ் போடுவார்களா? அந்த மூன்று மணி நேரத்தில் யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. எந்தக் குரல் தண்ணீர் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். பால்குடி மறக்கும் முன்னே பிள்ளைகளுக்கு அது தெரியும்.

பொம்பீலியாவின் கணவன் ஒரோன்சோவுக்கும் தெரியும். தெரிந்தும், இளகிய மனசுக்காரன். பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு ஜூலை மதியம், வாசலில் யாரோ கிழவி தண்ணீர் கேட்டு அழுகிறாள் என்று மண்கூஜாவை எடுத்துக்கொண்டு போனான். தோப்பில் மூன்றாவது ஆலிவ் மரத்தடியில் கூஜா கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. அந்த வருடம்தான் மரங்களுக்கும் நோய் கண்டு, தோப்பு முழுக்கச் சாம்பல் நிறமாய் நின்றுவிட்டது.

வீட்டை விற்றுவிட்டுப் போ என்றார்கள். பொம்பீலியா போகவில்லை. “நான் எதுக்குப் போகணும்? வந்ததுதான் போகணும்” என்றாள். அறைகளுக்கு வெள்ளையடித்து, வெளியூர்க்காரர்களைத் தங்க வைத்து, மகளை ஆளாக்கினாள். அதற்குப் பிறகு எத்தனையோ உச்சிவேளைகளில் வாசலில் மூன்று தட்டுத் தட்டும். “பொம்பீலியா, கொஞ்சம் தண்ணி” என்று ஒரோன்சோவின் குரல் கேட்கும். அவள் கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பாள். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட அவள் வாய் திறக்கவில்லை. ஊரில் வேறெதைப் பற்றியும் அவள் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

பத்தரை மணிக்கு டச்சுத் தம்பதி கடலுக்குக் கிளம்பினார்கள். வில்லெம் காரில் குடையை ஏற்ற, மரைக்கே கொக்கியிலிருந்து தங்கள் தொப்பிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். வைக்கோல் தொப்பியைத் தொடவில்லை.

“அது உங்களுது இல்லையா?” என்றாள் பொம்பீலியா.

“இல்லையே. உங்க வீட்டுக்காரருது.” மரைக்கே சிரித்தாள். “ரொம்ப நல்ல மனுஷர். மத்தியானம் முற்றத்துல உக்காந்திருப்பார், அவ்வளவு வெயில்ல. பேச மாட்டார், கையைத்தான் காட்டுவார். நேத்து தோப்புப் பக்கம் காட்டினார். அந்தக் காய்ஞ்ச மரங்களைப் போட்டோ எடுக்கணும்னு எனக்கு ஆசை. கூட்டிட்டுப் போறீங்களான்னு கேட்டேன். என்னை வேண்டாம்னு தலையாட்டிட்டு, உங்க பொண்ணோட ஜன்னலைக் காட்டினார். நான்கூட வில்லெம்கிட்ட சொல்லிச் சிரிச்சேன், அப்பாவுக்குப் பொண்ணோட போறதுதான் பிடிக்கும்னு.”

பொம்பீலியாவும் சிரித்து வைத்தாள். கார் திரும்பி மறைந்தது. அதன் பிறகு உள்ளே வந்து தொப்பியை எடுத்துப் புரட்டினாள். விளிம்பில், இடது பக்கம், சுருட்டு நெருப்புப் பட்டுக் கருகிய ஓட்டை. அவள் கண் முன்னால் விழுந்த ஓட்டை அது. அதற்காக ஒரோன்சோவை ஒரு வாரம் திட்டியிருக்கிறாள்.

எப்போது வந்தான் என்று யோசித்தாள். யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. நாலு நாளைக்கு முன்பு. இந்தக் கோடையில்தான் தொனாத்தா, விருந்தினர் எந்நேரமும் வரலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருந்தாள். டச்சுக்காரர்கள் இரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்காகத் தாழை நீக்கி வைத்துவிட்டு, பொம்பீலியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தட்டும் சத்தம் கேட்டது. குரல் இல்லை, தட்டு மட்டும். பத்து வருடமாக வெளியூர்க்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அவளைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது: “உள்ள வாங்க, கதவு திறந்துதான் இருக்கு.”

கதவு திறந்து மூடியது. நடைக்கு வந்து பார்த்தாள், ஆளில்லை. காற்று என்று நினைத்தாள். டச்சுக்காரர்கள் மூன்றரைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

பதினோரு வருடம் கட்டிக் காத்த வாய். பாழாய்ப்போன பழக்கம்.

மகளிடம் போனாள். “நீயும் கடலுக்குப் போ. பஸ் இருக்கு இப்ப.”

“தலை வலிக்குது மா. படுக்கப் போறேன்.”

“சொன்னா கேளேண்டி.”

“கனவா வந்து தூக்கமே இல்ல. அப்பா வந்து நிக்கிறார். பாவமா இருக்கு.” தொனாத்தா அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். பொம்பீலியா அந்தக் கதவையே சுற்றிச் சுற்றி வந்ததில் நேரம் போய், எங்கோ ஒன்றடித்தது.

தெரு முழுக்கத் தாழ்கள் விழும் ஓசை கேட்டது, பக்கத்து வீடு, எதிர் வீடு, தூரத்தில் ரொட்டிக்கடை, கடைசியாக அவள் கையால் அவள் வாசலில். மகளின் அறை முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியாக வெயில் நூல் நூலாக இறங்கித் தரையில் கோடு போட்டிருந்தது. சில்வண்டுகளின் இரைச்சல் காதை அடைத்தது, வெந்த சுண்ணாம்பின் வாசனையோடு கருகிய வைக்கோல் வாசனையும் வந்தது. திடீரென்று அத்தனை சில்வண்டுகளும் நின்றன. முற்றத்தில், மழைநீர் சேரும் நிலத்தொட்டியின் வாளிச் சங்கிலி மெல்ல இறங்க ஆரம்பித்தது.

இடுக்கில் கண்ணை வைத்தாள்.

தொட்டியின் கல்விளிம்பில் உட்கார்ந்திருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. சுண்ணாம்புப் புழுதி படிந்து, சட்டையும் கழுத்தும் முடியும் ஒரே வெள்ளை. வாளியை உயர்த்திக் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். தரை நனையவில்லை. அவனும் நனையவில்லை. வாளி மறுபடி இறங்கியது. தொட்டியின் அடிக்கல்லில் அது உரசுவது கேட்டது.

பின்னால் கதவு கிறீச்சிட்டது. தொனாத்தா நின்றாள். தலை வாரி, வெளியே போகிற ஷூ போட்டு, நாடாவை இழுத்துக் கட்டியிருந்தாள். கண் திறந்திருந்தது. பார்வை இல்லை.

“தோப்பு வரைக்குந்தான் மா. அப்பா கூப்பிடறார்.”

பொம்பீலியா அறைந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக, முழுக் கையையும் வீசி.

தொனாத்தா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தாள். குனிந்து பார்த்தாள். “மா, என் காலுக்கு யாரு ஷூ போட்டது?”

அந்தக் கேள்வியில் பொம்பீலியாவின் பயம் கோபமாக மாறிவிட்டது. புருஷனை எடுத்துக்கொண்டது, மரங்களை எடுத்துக்கொண்டது. இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து, அவள் தண்ணீரையே குடித்துவிட்டு, மகளுக்கு ஷூ மாட்டிவிடுகிறது. விடுவாளா?

விருந்தாளியை அடித்துத் துரத்த முடியாது. அதற்கும் அந்த ஊரில் முறை உண்டு. ‘உள்ள வாங்க’ என்று எந்த வாய் சொன்னதோ அந்த ஆளே தொப்பியை எடுத்துக்கொடுத்து, கூடவே நடந்து, எல்லை வரை கொண்டுபோய் விட வேண்டும். எத்தனை வெளியூர்க்காரர்களை அப்படி விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“நான் போய் விட்டுட்டு வரேன்,” என்றாள். “நான் வெளிய கால் வச்சதும் தாழ் போடு. நாலு மணி அடிக்கிற வரைக்கும் தொறக்காத. என் குரல்ல கூப்பிட்டாலும் தொறக்காத.”

“நீயே வந்தா?”

“நானே வந்தாலும். நான் திண்டாடினா திண்டாடிட்டுப் போறேன், உனக்கென்ன. சத்தியம் பண்ணு.”

தொனாத்தா அழுதுகொண்டே தலையாட்டினாள்.

பொம்பீலியா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். “ஒரோன்சோ, எழுந்திரு. விருந்து முடிஞ்சுது.”

அவன் திரும்பினான். அவன் முகம்தான். உதடுகள் கோடைத் தரையாகப் பிளந்திருந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வாய்க்குள் இருட்டு இல்லை. வெயில் இருந்தது. உச்சிவேளை வெயில், கண் கூசும்படி.

அவள் கண்ணைச் சுருக்கினாளே தவிர முகத்தைத் திருப்பவில்லை. “வாயை மூடிக்கிட்டு நட. பேச்செல்லாம் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி பேசியிருக்கணும்.”

நடந்தான். வாசலைத் தாண்டியதும் பின்னால் தாழ் விழுந்தது. நல்ல பிள்ளை. வெள்ளைத் தெரு, வெள்ளைச் சுவர், பிறகு செம்மண் தடம், இலையில்லாத சாம்பல் மரங்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது மரத்தடியில் அவன் நின்றான். அவள் தொப்பியை அவன் தலையில் வைத்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அழுகை வந்தது.

“உன்னை எனக்குப் பிடிக்கும்டா. ஆனா என் பொண்ணைத் தர மாட்டேன். இனிமே என் வாசப்படி ஏறாத.”

திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தாள். வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். நாலு மணி வரை தானே? காத்திருக்கலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. காலடியில் கிடந்த நிழலைப் பார்த்தாள். ஒரு கைக்குட்டை அளவு. நெடுநேரம் கழித்துப் பார்த்தாள். அதே கைக்குட்டை.

மணி அடிக்கவில்லை.

அப்போதுதான் தெருவை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளையாக. நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து. ரொட்டிக்கடை வாசலில் ஒரு பெண். எதிர் வீட்டில் இரண்டு பேர். எல்லோருடைய வலக்கையும் தட்டுவதற்காகத் தூக்கியிருந்தது.

கதவுக்குள் மகளின் குரல் கேட்டது. தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். “இல்ல சித்தி. அம்மா இன்னும் கிடைக்கல. மூணு நாளா தேடுறாங்க.”

மூன்று நாள். பொம்பீலியா எழுந்தாள். அவள் எழ நினைக்கவில்லை. வலக்கை தானாக உயர்ந்தது.

ஒரு தட்டு.

இடக்கையால் அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அது திமிறியது.

இரண்டாவது.

உள்ளே பேச்சு நின்றது. காலடி. நடை வழியாக, கொக்கிகளைத் தாண்டி, கதவருகே.

“மா? நீயா?”

தாழில் கை படும் ஓசை.

பொம்பீலியா கதவு வளையத்தை இரண்டு கைகளாலும் பற்றினாள். காலைச் சுவரில் ஊன்றினாள். உள்ளே இழுக்கிற மகளுக்கு எதிராக, தன் வீட்டுக் கதவைத் தானே வெளியிலிருந்து இழுத்துப் பிடித்தாள். விட மாட்டேன். உயிர் போனாலும் விட மாட்டேன். தாழ் நகர்ந்தது. கதவு அரை விரல் அசைந்தது. அவள் இழுத்து மூடினாள். மறுபடி அசைந்தது.

“மா, நீதானே? சொல்லு மா.”

தொறக்காத என்று கத்த வேண்டும். ஒரு சொல். அதற்குமேல் வேண்டாம்.

வாயைத் திறந்தாள்.

வாசல் வளைவின் நிழலில், எந்த வெயிலும் எட்டாத அந்த மரக்கதவின் மேல், அவள் முகத்துக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது.