சஹனில் மூன்றாவது பக்கம்

சஹனில் சோறு மூன்று பக்கம் குழிந்திருந்தது. சாப்பிட்டதோ இரண்டு பேர்.

அந்தப் பெரிய தட்டைக் கழுவக் கொண்டுபோகும்போதுதான் சுல்பிகா அதைக் கண்டாள். தன் பக்கம் ஒரு குழி. எதிரே, பகல் சாப்பாட்டுக்கு வந்த சுபைறா அள்ளிய பக்கம் ஒன்று. சுவரோரமாக, யாருமே உட்காராத இடத்தில், விரல் நுனிகளால் பதமாக வழித்தெடுத்தது போல இன்னொன்று. பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் தனியே இருக்கிறவர்களுக்கு முதலில் பூனைதான் நினைவுக்கு வரும், பாவம்.

புருஷன் றஸாக் சவூதிக்குப் போனதிலிருந்து மருதமுனை வீட்டில் அவள் ஒற்றைக்குத்தான். வீடு உம்மா சீதனமாகக் கொடுத்தது, பின்னறையில் கிடக்கிற தறியும் அப்படித்தான். மாவடிப்பள்ளியிலிருந்து அவளுடைய மூத்த சகோதரன் காலிதீன் காக்கா வந்து, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"தனிய ஒரு பொம்புள இரிக்கிற வீட்ட ஊர் சும்மா விடுமா? வெள்ளிக்கிழம வருவன். அதுக்குள்ள கூட இரிக்க ஒரு துணையப் பாரு. இல்லாட்டி வீட்டப் பூட்டிப்போட்டு என்னோட வா."

"தறி, காக்கா?"

"தறிய ஆருக்கும் குடுப்பம்."

தறி போனால் அவள் மைனி வீட்டு அடுப்படியில் ஒரு மூலைக்காரி. அது அவளுக்குத் தெரியும். அதனால் துணை தேடினாள். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே படுக்கப் போகிறவளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியுமா? வந்தவர்களைப் பகல் சாப்பாட்டுக்கு மறித்து, ஒரே சஹனில் தன்னோடு உட்கார வைத்தாள். கை நீட்டி அடுத்தவள் பக்கத்தைத் தோண்டுகிறாளா, நல்ல மீன் துண்டை எதிர்ப் பக்கம் தள்ளிவிடுகிறாளா, பேச்சில் சோற்றை மறக்கிறாளா என்று பார்த்தாள். ஒரு நேரச் சோற்றில் ஒருத்தியின் பாதிக் குணம் வந்துவிடும் என்பது அவள் கணக்கு.

முதலில் வந்த, கோமாரி ஊர்ச் சுபைறா நன்றாகத்தான் சாப்பிட்டாள். நன்றாகச் சிரித்தாள். தறிச் சத்தத்தைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தச் சத்தத்தோட கிடந்தா எனக்கு விசர் பிடிச்சிரும் ராத்தா. சவளக்கடையில எங்கட மச்சி நஸீறா இரிக்கா. அவக்கு அரைவாசிக் காது கேக்காது. ஒங்களுக்கு அளவான ஆள். அனுப்பிவிடுறன்."

அடுத்த நாள் வந்தவள் ஹாஜறா, நடுவயதுக்காரி, அமைதியானவள். சுல்பிகா அன்றைக்கு சஹனைச் சுவரோடு ஒட்டி வைத்தாள். மூன்றாவது ஆள் உட்கார இடமில்லாதபடி. சாப்பிடும்போது பின்னறைப் பக்கமிருந்து, நூலுக்குப் பூசுகிற புளித்த கஞ்சிப் பசையின் மணம் வந்தது. அதற்குள்ளே ஆற்றுச் சேற்றின் மணமும் மெல்லக் கலந்து வந்தது. ஹாஜறா ஒருமுறை பின்னறை வாசல் திரைச்சீலையைப் பார்த்துவிட்டு, உடனே மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டாள். தண்ணீர்ச் செம்பை எடுக்க சுல்பிகா மறுபக்கம் திரும்பினாள். அவ்வளவு நேரம்தான்.

சுவரோரம் சோறு வழித்திருந்தது.

ஹாஜறா கை கழுவிவிட்டு முந்தானையை இழுத்து மூடினாள். "எனக்குக் கோவமில்ல புள்ள. ஆனா வீட்டில இத்தாவில ஒரு ஆள வச்சிக்கொண்டு, தனிய இரிக்கன் எண்டு ஏன் சொன்னீங்க?"

"இத்தாவா? ஆரு?"

"திரைக்கு அங்கால வெள்ள உடுத்து நிக்கிறாவே. புருசன் மௌத்தாகி இத்தா மறைவில இரிக்கிற பொம்புளய நான் உத்துப் பாக்கல்ல. ஸலாம் சொன்னன், பதில் சொல்லல்ல. அவவே ஒங்களுக்குத் துணதானே."

அவள் போன பிறகு சுல்பிகா திரையை விலக்கினாள். தறி. நூல் கட்டு. ஈரத் தரை. மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

வியாழன் பின்னேரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் அவள் சிம்னி விளக்கைக் கொளுத்தித் திரும்பினாள். அடுப்படிப் பக்கம், குசினிக்குள் ஒரு பெண் நின்றாள். அந்த ஊரில் பெண்கள் முன்வாசலால் வருவதில்லை, பின்வளவால் வந்து குசினிக்குள்தான் ஏறுவார்கள். ஆகவே அவள் பயப்படவில்லை. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெள்ளையல்ல, நீலச் சீலை உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

"நஸீறாதானே? சுபைறா அனுப்பின?"

பெண் தலையாட்டினாள்.

"மாத்திக்கொள்ள உடுப்புத் தரட்டா?"

வேண்டாம் என்று கையசைத்தாள். காது சரியாகக் கேளாதவள் கொஞ்சமாகத்தானே கதைப்பாள்.

விளக்கடியில் சஹனை வைத்து இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் தன் பக்கத்தை விட்டு ஒரு பருக்கைக்கும் கை நீட்டவில்லை. நல்ல மீன் துண்டை இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் சுல்பிகா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு குழி. இரண்டே இரண்டு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்களும் அந்த இடத்தில் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

"இந்த வீட்டில இரிங்க," என்றாள். "எவ்வளவு காலமெண்டாலும் இரிங்க."

பெண் முதல்முறையாகச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து காலிதீன் வந்தார். பின்னறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. புதியவளின் கை சளைக்காத, சீரான அடி. அந்நியப் பெண் உள்ளே இருப்பதால் அவர் முற்றத்திலேயே நின்றார்.

"ஆள் எப்படி?"

"நல்ல ஆள், காக்கா."

"அப்ப சரி. இனி நான் அடிக்கடி வரத் தேவல்ல."

சைக்கிள் மணல் ஒழுங்கையில் திரும்பி மறைந்தது. சுல்பிகா முன்வாசல் நிலையில் சாய்ந்து நின்று, பல நாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். வீடு அவளுடையது. தறி அவளுடையது.

அப்போதுதான் ஒரு பெண் கையில் ஓலைப்பையோடு வேலிப் படலையடியில் வந்து நின்றாள். வேலிக்கு மேலால், காது கேளாதவர்கள் பேசுவது போல உரக்கக் கேட்டாள்.

"சுல்பிகா ராத்தா ஊடா? நான் நஸீறா. நேத்தே வந்திருப்பன். கிட்டங்கி ஆத்தில வெள்ளம். தோணியும் விடல்ல."

நேற்றுக் குசினிக்குள் நடந்ததைச் சுல்பிகா மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள்.

பெயரைச் சொன்னது யார்? அவள் அல்ல. நான்தான். நான்தான் கேட்டேன். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

பின்னறையில் தறி நின்றது.

படலை பத்தடிக்கு அங்கால். ஓடலாம். அந்த மணம். கஞ்சிப் பசை. சேறு. தரையில் ஈரக்கால் வைக்கிற சத்தம். ஒன்று. இன்னொன்று. முதுகுக்குப் பின்னால் நின்றது.

படலையடியில் நின்ற நஸீறா அவளுக்குப் பின்னால் பார்த்தாள். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு ஸலாம் சொன்னாள், இருவருக்குமாக.

"ஆள் எடுத்திட்டீங்க போல. பரவால்ல ராத்தா. நான் அடுத்த பஸ்ஸப் புடிக்கன்."

போகாதே என்று சொல்ல சுல்பிகா வாயைத் திறந்தாள். நஸீறாவின் சீலைத் தலைப்பு வேலியோரமாக அசைந்து அசைந்து போனது. பின்னாலிருந்து தோளில் ஒரு மோவாய் வந்து மெல்லப் பதிந்தது, வாசலைப் பார்க்க வந்த தங்கச்சி செல்லமாக வைப்பது போல. நனைந்த மயிரிலிருந்து தண்ணீர் சுல்பிகாவின் கைவழியே வழிந்து சொட்டியது. கன்னத்தோடு கன்னம் ஒட்டியது.

அந்த வாய் அவள் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அதிலிருந்து மூச்சு வரவில்லை.