மஞ்சள் விமானத்தின் பெட்டி

தையற்காரி தன் துணிப்பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்ததும் ரேடியோக்காரருக்குக் கை பரபரத்தது. செங்கல் அளவில் ஓர் ஆரஞ்சு நிறப் பெட்டி. அதன் மேலெல்லாம் சேறு காய்ந்து கெட்டியாகியிருந்தது.

"என் தம்பி ஓட்டின விமானத்தோட வால்ல இருந்தது," என்றாள் அவள். "விழுந்த அதிர்ச்சியில இது தானா கத்தணும். செயற்கைக்கோள் கேட்டு மீட்பு மையத்துக்குச் சொல்லும். ஆனா இது கத்தவே இல்லையாம். இதைத் தேர்ந்தெடுத்தது அவன்தானாம். அவன் சாவுக்கு அவன் வாங்கின பெட்டியே காரணம்னு அறிக்கையில எழுதிட்டாங்க."

எதிரே இருந்த அம்மாள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷம் விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் அவருக்குக் கோபுரத்தம்மா என்றே பெயர். அவிழாத புதிர் எதுவானாலும் ஊர்க்காரர்கள் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவருடைய கணவரின் தம்பிதான் ரேடியோக்காரர். தெரு முனையில் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அண்ணி வீட்டுக்கு வழக்கு வருகிறது என்றால் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவார்.

"முழுசா சொல்லும்மா," என்றார் கோபுரத்தம்மா.

அவள் சொன்னாள். மலைக்கு அப்பாலிருக்கும் குடியிருப்புகளுக்கு மருந்தும் தபாலும் கொண்டுபோகும் சிறிய நிறுவனம். அங்கே இரண்டு விமானங்கள், ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். தம்பி ஓட்டியது மஞ்சள். அன்று காலை ஒன்பதரைக்குக் கிளம்பியவன் பன்னிரண்டரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஐந்தாம் நாள் விறகு பொறுக்கப் போனவர்கள் கண்ணில்தான் விமானம் பட்டது. உள்ளே கடிகாரம் 10.14 காட்டி நின்றிருந்தது. இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறான் என்று மருத்துவர் சொன்னார்.

அவன் வைத்திருந்த வரைபடத்தை அவள் விரித்தாள். ஓரத்தில் பென்சில் எழுத்து: 'காலை 10.40. கால் உடைந்துவிட்டது. பெட்டியின் விளக்கு சிமிட்டுகிறது. வந்துவிடுவார்கள்.'

ரேடியோக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பெட்டி வாங்கறதுக்காக ரெண்டு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டான்மா," என்று ஒரு குறிப்பேட்டையும் எடுத்து வைத்தாள். வாலில் பொருத்துவது ஒரு வகை. சட்டைப்பையில் வைத்து நாமே அழுத்துவது இன்னொரு வகை. பறக்கும்போதே சில நிமிஷத்துக்கு ஒரு தடவை இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே போவது மூன்றாவது. ஒவ்வொன்றின் நல்லது கெட்டதையும் அழகாக எழுதி வைத்திருந்தான். "மூணுமே வேணும்னு கேட்டான். முதலாளி ஒண்ணு போதும்னுட்டாரு. சட்டைப்பை பெட்டி எப்படியும் வாங்கித் தருவாருன்னு நம்பி என்னை உள்பை வெச்சுத் தைக்கச் சொன்னான். தச்சுக் கொடுத்தேன். வெறும் பையோடதான் போனான்."

கடைசிப் பக்கத்தில், மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியிட்டு, 'மஞ்சளுக்குப் புதியது' என்றும் அதன் கீழே நீளமான ஓர் எண்ணும் இருந்தன.

"அது என்னான்னா அண்ணி," ரேடியோக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண். எந்த விமானம், யாருக்கு போன் பண்ணணும்னு அந்த எண்ணுல பதிஞ்சிருக்கும். கடைக்காரன் ஓட்டைப் பெட்டியைத் தலையில கட்டிட்டான். பந்தயம் கட்டறேன்!"

"திறந்து பாருங்க தம்பி. பந்தயம் அப்புறம் கட்டலாம்."

அவர் திறந்தார். பேட்டரியில் கருவியின் முள்ளை வைத்தார். இன்னொரு முறை வைத்தார். குரல் இறங்கிவிட்டது. "சொட்டு சார்ஜ் இல்ல அண்ணி. கத்தாத பெட்டின்னா கொஞ்சமாவது மிச்சம் இருக்கணும். இது தொண்டை வத்துற வரைக்கும் கத்தியிருக்கு."

"எண் எங்க?"

பெட்டியின் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று இருந்தது. பசைத் தடம். சுற்றிலும் சேறு, அந்தச் சதுரத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

கோபுரத்தம்மா அதை விரலால் தடவிப் பார்த்தார். "விழுந்த பிறகு இது யார்கிட்ட இருந்தது?"

"முதலாளிகிட்ட. அவர்தான் போய் எடுத்துட்டு வந்தாரு. ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு விசாரணை அதிகாரிகிட்ட கொடுத்தாரு. அதிகாரி அரை நாள்ல விசாரணையை முடிச்சுட்டு எங்கிட்ட அனுப்பிட்டாரு."

மறுநாள் முற்பகல் அண்ணியும் கொழுந்தனும் விமானக் கொட்டகைக்குப் போனார்கள். தகரக் கூரை, தரையெல்லாம் எண்ணெய்க் கறை. நீல விமானம் மூக்கைத் தூக்கி நின்றிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் அலுவலகம். அங்கே உட்கார்ந்தபடியே விமானத்தின் வால் நுனி வரை பார்க்கலாம்.

முதலாளி நாற்காலி போட்டு உபசரித்தார். கண் கலங்கினார். "நல்ல பையன்மா. சொன்னா கேக்க மாட்டான். அந்தப் பெட்டியை நம்பி மலைப்பக்கம் தாழப் பறப்பான். ஆறு வருஷப் பேட்டரி மலைக்குளிர்ல என்னத்தைக் கிழிக்கும்? விதி."

ரேடியோக்காரர் பரிதாபமாகத் தலையாட்டினார். கோபுரத்தம்மா நீல விமானத்தைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

அங்கே வேலையாக இருந்த மெக்கானிக் வந்து வால்பகுதி மூடியைக் கழற்றினார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று ஒரு பெட்டி. அதைப் பிடித்திருந்த திருகுகளின் தலையில் அண்மையில் கழற்றிப் பூட்டிய கீறல்கள் மின்னின. ரேடியோக்காரர் கழுத்தை வளைத்து எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். கோபுரத்தம்மா குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி எண் வரை ஒத்துப்போயிற்று.

"அண்ணி, இது செத்துப்போனவனோட..."

"சத்தம் போடாதீங்க தம்பி."

கோபுரத்தம்மா மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பிற்பகல் எல்லோரும் அதே கொட்டகையில் கூடினார்கள். முதலாளி, மெக்கானிக், தையற்காரி. அரை நாளில் அறிக்கை எழுதிய விசாரணை அதிகாரி கதவோரமாக நின்றார். நாற்காலி இருந்தும் அவர் உட்காரவில்லை. கோபுரத்தம்மாவின் கையில் மீட்பு மையப் பதிவேட்டின் நகல் இருந்தது.

"மஞ்சள் விமானத்துல இருந்த பெட்டி கத்திச்சு," என்று தொடங்கினார். "பேட்டரி சுத்தமா வத்தியிருக்கு. அந்தப் பையனும் விளக்கு சிமிட்டுதுன்னு எழுதியிருக்கான். அப்ப மையத்துக்கு ஏன் கேக்கல? கேட்டுச்சு. ஆனா வேற பேருல கேட்டுச்சு. 10.19-க்கு நீல விமானத்தோட எண்ணுல அபாயக் குரல் வந்ததா இதுல பதிவாயிருக்கு."

"நீலம் இங்கேயே நின்னுச்சே!" என்றார் முதலாளி.

"அதைத்தான் நீங்களும் போன்ல சொன்னீங்க. இதுல அப்படியே இருக்கு. 'விமானம் ஷெட்லதான் நிக்குது, மெக்கானிக் கை பட்டிருக்கும்.' 10.50-க்கு மலையில ஒரு இடத்தைச் செயற்கைக்கோள் காட்டிச்சு. விமானம் ஷெட்ல இருக்குன்னு நீங்க சொன்னதால தப்புன்னு குறிச்சு மூடிட்டாங்க. 11.05-க்குப் பெட்டி அடங்கிடுச்சு."

மெக்கானிக் தரையைப் பார்த்தபடி பேசினார். "நீலத்துக்கு ஆய்வு வந்துச்சும்மா. அதோட பெட்டி ஆறு வருஷப் பழசு, காலாவதி. மஞ்சள்ல இருந்த புதுசைக் கழட்டி இதுல மாட்டினேன், பழசை அதுல போட்டேன். ஒரு நாளைக்குத்தான்னு சொன்னாங்க. மூணு வாரம் ஆயிடுச்சு. அந்தத் தம்பி அன்னைக்கு லீவு. அவருக்குத் தெரியாது."

"யாரு சொன்னாங்க?"

மெக்கானிக் வாய் திறக்குமுன் முதலாளி எழுந்துவிட்டார். "பொய்! இவனாவே மாத்தியிருக்கான். எனக்கு இது எதுவுமே தெரியாது. போன் வந்தப்ப கண்ணெதிர நின்ன விமானத்தைப் பாத்துச் சொன்னேன். அது குத்தமா?"

ரேடியோக்காரருக்கே அது நியாயமாகப் பட்டது. அண்ணியைக் கவலையோடு பார்த்தார்.

"தெரியாம சொல்லியிருந்தா குத்தமில்ல," என்றார் கோபுரத்தம்மா. "ஆனா நேத்து எங்ககிட்ட நீங்க சொன்ன ஒரு வார்த்தை இருக்கு. ஆறு வருஷப் பேட்டரின்னீங்க. காகிதத்துல மஞ்சளோட பெட்டிக்கு வயசு மூணு மாசம். ஆறு வருஷப் பெட்டி அதுல இருந்ததுன்னு மாத்தினவருக்கும் மாத்தச் சொன்னவருக்கும்தான் தெரியும். இன்னொண்ணு, பெட்டியோட எண் சீட்டு. சேறு அப்பின பிறகு உரிச்சது. அப்ப பெட்டி உங்ககிட்டதான் இருந்தது."

முதலாளி மெல்ல உட்கார்ந்தார்.

"போன் வந்த நிமிஷத்துல உங்களுக்குத் தோணலன்னே வெச்சுக்கறேன். பன்னிரண்டரைக்குப் பையன் வரல. அப்பவாவது தோணியிருக்கும். ஒரு போன், 'காலையில கத்தினது மஞ்சள்தான்'னு ஒரு வரி. மலையில இடம் குறிச்சு வெச்சிருந்தாங்க, சாயங்காலத்துக்குள்ள எடுத்திருப்பாங்க. நீங்க நாலு மணிக்குத்தான் காணோம்னு சொன்னீங்க. அதுவும் மஞ்சளோட எண்ணைக் கொடுத்து. காலையில பேசினவர் ஷிஃப்ட் முடிஞ்சு போயிட்டாரு. புதுசா வந்தவர் அந்த எண்ணுல குரலே வரலைன்னாரு. விழல, எங்கேயோ இறக்கியிருப்பான்னு நாலு நாள் சமவெளியில தேடினாங்க."

முதலாளி மேசைமேல் விரிந்திருந்த பதிவேட்டை மூடி வைத்தார்.

"சொல்லியிருந்தா லைசென்ஸ் போயிருக்கும்," என்றார் முதலாளி கடைசியில். குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. "விழுந்த உடனே செத்திருப்பான்னு நினைச்சேன். செத்தவனுக்காக எதுக்கு... அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன்."

விசாரணை அதிகாரி முன்னால் வந்து, நீல விமானத்தின் சாவியையும் மேசைமேல் இருந்த பதிவேடுகளையும் எடுத்துக்கொண்டார். காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். மெக்கானிக் தானாகவே வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

ரேடியோக்காரர் இத்தனை வழக்குகளிலும் இந்த நேரத்தில்தான் மார்தட்டிக்கொள்வார். இன்று அவருக்கு எழுந்து வெளியே போனால் போதும் என்றிருந்தது. தையற்காரி அழுவாள், கத்துவாள், அந்த ஆளின் சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் முதலாளியின் எதிரே போய் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றாள். "அன்னைக்கு மத்தியானம் நீங்க சாப்பிட்டீங்களா?"

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லத்தான் வாயெடுத்தார் என்று ரேடியோக்காரருக்குத் தோன்றியது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பொய் வரவில்லை.

"சாப்பிட்டேன்," என்றார்.

அவள் தலையசைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கி, யாருக்கும் காத்திராமல், ஓடுபாதை ஓரமாக நடந்து போனாள்.