உடனுறை விதி

மதியம் இரண்டு மணி ஆகிவிட்டால் தூத்துக்குடியில் யாரும் இரும்பைத் தொடமாட்டார்கள். சங்கு ஊதியதும் பெண்கள் வளையலையும் கொண்டை ஊசியையும் கழற்றிப் பிளாஸ்டிக் டப்பாவில் போடுவார்கள், ஆண்கள் பெல்ட்டை உருவுவார்கள். கடல் சூடேறி நாற்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து பிற்பகல் இடி பால்காரரைப் போலத் தவறாமல் வருகிறது. எந்தக் கட்டடத்தில் இறங்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

நிறைமதி முத்துக்கரை அடுக்ககத்துக்கு வந்து சேர்ந்தது அப்படியொரு சங்கு நேரத்தில். வாசல் கதவைத் திறக்க யாரும் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பேர் நின்று அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் சட்டைப் பையின் மேல் ‘மாற்றுநர்’ என்று எழுதியிருந்தது, அதைப் படித்ததால்தான் திறக்கவில்லை. அரைமணி நேரம் இடிக்கு அடியில் நிறுத்திவைத்துவிட்டு, சங்கு ஓய்ந்த பிறகு, குடியிருப்போர் சங்கத் தலைவி ரோஸ்லின் வந்து தாழ்ப்பாளை நீக்கினாள்.

“கையெழுத்துப் போட வந்தியளாக்கும்?”

“பார்க்க வந்திருக்கேனுங்க.”

“பாக்கதுக்கு என்ன இருக்கு? போன மாசம் பக்கத்து அடுக்ககத்துக்கு ஒருத்தன் வந்தான். டீ ஆறுற நேரம்கூட பாக்கல. இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டான். இருநூறு குடும்பம் நடுத்தெருவுல நின்னுச்சு.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஒரு கட்டடத்தின் மின்காப்புப் பாகத்தை அதன் நிறுவனம் இனிமேல் செய்வதில்லை என்று அறிவித்தால், தொண்ணூறு நாளைக்குள் மாற்றுப் பாகம் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும். மின்சாரம் போனால் குளிர்சுவர்கள் நின்றுபோகும், அதன் பிறகு நடுப்பகலில் உள்ளே எவரும் உயிரோடு இருக்க முடியாது. முத்துக்கரையைக் காத்துவந்த பெரிய ஃபியூஸை வெண்முகில் என்ற நிறுவனம் நிறுத்திவிட்டது. அதே வெண்முகில் கட்டிய புது அடுக்ககம் உப்பளத்துக்கு அந்தப்பக்கம் காலியாக, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

மாற்று இருக்கிறதா இல்லையா என்று எழுத வேண்டியது மாற்றுநரின் வேலை. இருந்தால் ஒப்புச்சான்று, இல்லையென்றால் இன்மைச்சான்று. நிறைமதி பதினொரு வருஷத்தில் அறுபத்தொரு இன்மைச்சான்று எழுதியிருந்தாள், ஒப்புச்சான்று ஒன்றுகூட இல்லை. அவள் பொய்க்காரி அல்ல. தேடுவாள், கிடைக்காது, எழுதுவாள். எவ்வளவு ஆழமாகத் தேடினாள் என்று மட்டும் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முன்பொரு காலத்தில் ஒரு மாற்றுநர் தவறான ஃபியூஸுக்கு ஒப்புச்சான்று கொடுத்து, ஓர் அடுக்ககமே எரிந்துபோனது. ஜனங்கள் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள். ‘நல்லது என்று எழுதுகிறவன் பெண்டாட்டி பிள்ளையோடு அந்தக் கட்டடத்திலேயே குடியிருக்கட்டும், அந்தப் பாகத்தின் ஆயுள் முடியும்வரை’ என்று கேட்டார்கள். அரசும் கொடுத்தது. அதுதான் உடனுறை விதி. ரோஸ்லினும் அந்த ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனவள்தான். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு மாற்றுநரும் ‘உண்டு’ என்று எழுதவில்லை.

மின்பலகை அறையில் கட்டடத்தின் எலக்ட்ரீசியன் இன்னாசி உட்கார்ந்திருந்தார். நிறைமதி உள்ளே வந்தும் எழுந்திருக்கவில்லை. மடியில் ஒரு புது ஃபியூஸ் இருந்தது.

“அறுநூத்தி முப்பது ஆம்பியர். அளவு கச்சிதமா இருக்கு. கடையில ஆயிரம் கெடக்கு. இதப் போட்டா முடிஞ்சி போச்சி. இத இல்லன்னு எழுதவா கோயமுத்தூர்லருந்து வந்திய?”

“இதையப் போட்டீங்கன்னா எல்லாரும் கருகிப்போவீங்க” என்றாள் நிறைமதி. “இது பழைய ஏசி கரண்டுக்கு உண்டானதுங்க. இங்க ஓடறது பேட்டரியோட நேர்மின், டிசி கரண்டு. கம்பி உருகினாலும் பொறி அந்த இடைவெளியத் தாண்டி எரிஞ்சுட்டே இருக்கும். ஆம்பியரை மட்டும் பார்த்துப் போட்டுத்தான் அன்னைக்கு அந்தக் கட்டடம் எரிஞ்சது.” சொல்லிவிட்டு அதை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

இன்னாசியின் முகம் சிவந்தது. “குறை சொல்ல நல்லா வருது. தேடத்தான் வராது, என்ன? கட்டடப் பட்டியலத் தாண்டி ஒரு பக்கம் பொரட்டிருப்பியளா நீங்க?”

அது சுருக்கென்று தைத்தது. புரட்டியதில்லை. மாற்றுநர்களின் தேடுபொறி கட்டடப் பாகங்களின் பதிவேட்டை மட்டும்தான் காட்டும், எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நேர்மின்னில் ஓடுவது கட்டடம் மட்டுமா? அன்று அவள் முதல் முறையாக ரயில்வே பதிவேட்டைத் திறக்க அனுமதி கேட்டாள். மூன்றாம் நாள் கிடைத்தது. நகர ரயில்களில் போடுகிற ஃபியூஸ் ஒன்று, இன்னும் தயாரிப்பில் இருப்பது. அதே ஆம்பியர், கூடுதல் வோல்ட், உருகும் வேகத்தின் வரைகோடு பழையதன் மேல் அப்படியே படிந்தது. அரை அங்குலம் நீளம் அதிகம், அவ்வளவுதான். தாங்கியில் வேறு துளை போட்டால் உட்கார்ந்துவிடும். ஆறு ஃபியூஸ் வரவழைத்துச் சோதனைக்கூடத்தில் வெடிக்கவைத்தாள். ஆறும் பொறி தாண்டவிடாமல் மின்சாரத்தைச் சுத்தமாக அறுத்தன. சந்தோஷத்தோடு முத்துக்கரைக்குத் திரும்பி, ஒப்புச்சான்றுத் தாளை எடுத்து விரித்தாள். ‘உடன் குடியிருப்போர்’ என்ற கட்டத்தில் அவளுக்கு எழுத மகள் ஒருத்திதான் இருந்தாள், பேனாவை மூடிவைத்தாள்.

மாற்றுநர் அலுவலக மேலதிகாரி கார்முகில் கைபேசித் திரையில் வந்தான். “என்ன மேடம், இன்மைச்சான்று இன்னும் வரலையே?”

“மாற்று இருக்குதுங்க, சார்.”

அவன் அவளுடைய கோப்பைப் புரட்டினான். “உங்க பொண்ணுக்கு ஒன்பது வயசு இல்ல? நல்லா யோசிச்சு எழுதுங்க.”

ரோஸ்லின் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “இருக்குன்னா எழுது. உம் பிள்ளயக் கொண்டாந்து இங்க படுக்க வை. அப்ப நம்புதோம். ஒங்க கூட்டத்துல ஒருத்திக்கும் அந்த நெஞ்சு கெடையாது.”

இரக்கப்பட்டு நிறைமதி கையெழுத்துப் போட்டாள் என்று சொன்னால் அது அபாண்டம். ரோஷத்தில் போட்டாள்.

மறுவாரம் ரயில் ஃபியூஸைத் தாங்கியில் பொருத்தினார்கள், அன்றே அவள் மகள் இளவேனில் புத்தகப் பையும் தலையணையுமாக வந்து இறங்கினாள். அவர்களுக்கு ஒதுக்கியிருந்தது தரைத்தளத்து வீடு. அதன் படுக்கையறைச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் மின்பலகை அறை. ரோஸ்லினே கட்டிலை இழுத்து அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாள். வாசலிலும் நடையிலும் ஐம்பது பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இளவேனில் கட்டிலில் ஏறிப் படுத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். “அம்மா, சுவர் உறுமுது.”

அப்போது சங்கு ஊதியது. நிறைமதி எதையும் யோசிக்கவில்லை. கட்டிலின் காலைப் பிடித்து ஒரே இழுப்பில் அறையின் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

நடையில் நின்றவர்கள் எட்டிக் கட்டிலைப் பார்த்தார்கள்.

“எதுக்கு இழுத்த?” என்றாள் ரோஸ்லின்.

“சத்தமா இருக்குதுங்க. புள்ள தூங்க மாட்டா.”

அதுவும் உண்மைதான். ஆனால் ஐம்பது பேரில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. அவளுக்கே அதை முழுசாக நம்ப முடியவில்லை. வரைகோடு, சோதனை, ஆறு ஃபியூஸ் எல்லாம் புத்தியில் பத்திரமாக இருந்தன. கைக்கு அது எதுவும் எட்டவில்லை.

முதலில் திரும்பி நடந்தவர் இன்னாசி. சாயங்காலமே அவர் வீட்டுச் சாமான்கள் வண்டி ஏறின. அடுத்தடுத்த நாட்களில் மாடி மாடியாகக் காலியானது. எல்லோரும் உப்பளத்தைத் தாண்டி வெண்முகில் அடுக்ககத்துக்குப் போய், ஆயுளுக்கும் வெளியேற மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துக் குடியேறினார்கள். நிறைமதி படிக்கட்டில் நின்று சோதனைத் தாள்களை நீட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். ஒருவரும் கை நீட்டி வாங்கவில்லை.

கடைசியாகப் போனவள் ரோஸ்லின்.

“அந்த ஃபியூஸ் நல்லதுங்க” என்றாள் நிறைமதி. “சத்தியமா நல்லது.”

“இருக்கலாம். நல்லதா கெட்டதான்னு எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஒரு தாய்க்காரியோட கைதான்.”

“அப்ப நாங்க மட்டும் இங்க என்ன பண்றது? எங்களையும் கூட்டிட்டுப் போங்க.”

“விதி ஒன்ன விடாது” என்றாள் ரோஸ்லின். குரலில் வெற்றி ஏதும் இல்லை, களைப்புதான் இருந்தது. “நாங்க கேட்டு வாங்குன விதி.”

அவர்கள் குடிவந்த பத்தொன்பதாம் நாள் பிற்பகல் முத்துக்கரையின் மேல் இடி இறங்கியது. கட்டடம் ஒரு குலுங்கு குலுங்கி இருண்டது. நிறைமதி மகளைக் கட்டிக்கொண்டு நூறுவரை எண்ணினாள். புகை வரவில்லை. பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு மின்பலகை அறைக்குப் போனாள். உள்ளே கம்பி அறுந்திருந்தது. வெளியே பீங்கான் உடம்பில் கரிப் பொட்டுகூட இல்லை. உதிரியாக வைத்திருந்த வேறொன்றை எடுத்துத் தாங்கியில் பொருத்திக் கைப்பிடியைத் தூக்கினாள். பதினான்கு மாடியிலும் விளக்கு எரிந்தது, குளிர்சுவர்கள் ஓடத் தொடங்கின.

அறுந்த ஃபியூஸை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மாடி ஏறினாள். இரண்டாம் மாடி, நான்காம் மாடி, ஆறாம் மாடி. எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. சன்னல் வழியே உப்பளத்துக்கு அந்தப்பக்கம் வெண்முகில் அடுக்ககம் தெரிந்தது. இங்கிருந்து கூப்பிட்டால் கேட்காது.

கீழே வந்தாள். கட்டிலை இழுத்து, அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். பார்க்க ஒருவரும் இல்லை.