இருபதுக்குக் கீழே

இருபதில் நிற்க வேண்டிய எண் பதினேழில் நின்றது.

கோகிலவாணி முதலில் பேட்டரியைத்தான் சந்தேகித்தாள். கம்ப்யூட்டருக்குள் போகும் ரப்பர் குழாயில் ஒட்டியிருந்த சின்னத் தெர்மாமீட்டர் அது. மீன் தொட்டிக்கு வைப்பார்களே, அந்த மலிவு ரகம். விரலால் சுண்டிப் பார்த்தாள். பதினேழு. வெளியே மே மாதத்து மத்தியானம், தலைக்கு மேல் தகரக் கூரை. தாராவியின் அந்த இரண்டாம் மாடி அறையில் மின்விசிறி சூட்டையே அள்ளி அள்ளி இறைத்துக்கொண்டிருந்தது. இந்த அறையில் எதற்கும் பதினேழு டிகிரியாக இருக்க உரிமை கிடையாது.

அவள் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருபவள். பழைய மெஷின். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் பிராசசரை விரட்டுகிற ஓவர்கிளாக் வித்தையைக் கற்றுக்கொண்ட பிறகு, இரண்டு நாள் வேலை அரை நாளில் முடிந்தது. விரட்டினால் சூடாகாமல் என்ன செய்யும்? தொண்ணூற்றெட்டு டிகிரிக்குப் போய்ப் பொசுக்கென்று அணைந்துவிடும். மூடியைக் கழற்றிப் போட்டாள், டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவள் கணவன் பேச்சிராஜாதான், குர்லாவில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பட்டறையில் வேலை செய்கிறவன், போன வாரம் ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு எவர்சில்வர் பெட்டியைச் செய்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான். உள்ளே ஒரு பழைய கம்ப்ரசர், குளிர்க் குழாய்ச் சுருள். அதன் வழியாக ஓடிக் குளிர்ந்த தண்ணீர் பிராசசரின் தலையில் வைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்.

"இருபது வந்ததும் தன்னால நின்னுரும். அதுக்குக் கீழ போச்சுன்னா குழாய் வேர்க்கும், ஒரு சொட்டு போர்டுல விழுந்தா மொத்தமும் போச்சு. அதான் கட்டாஃப் வச்சிருக்கேன். சும்மா காலிபீலி டென்சன் ஆவாத பிள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினான்.

பதினாறு.

கம்ப்ரசர் நிற்கவில்லை. எப்போதிலிருந்து நிற்கவில்லை என்று யோசித்துப் பார்த்தாள். நேற்று முழுக்க அது நின்ற நினைவே இல்லை. மெல்லிய, சீரான, மூச்சு விடாத உறுமல். அதற்கு நடுவில் எப்போதாவது ஒரு 'டொக்'. காது பழகிப்போய், தெருச் சத்தத்தோடு சத்தமாக அதையும் விட்டுவிட்டிருந்தாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் அவள் மகள் இசக்கிசெல்வி படுத்திருந்தாள். ஏழு வயது, பள்ளிக்கூடம் லீவு. வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தைப் பூனை கண்டுபிடிப்பதுபோல் கண்டுபிடித்து, இரண்டு நாளாக அங்கேயே கிடந்தாள். சந்துக்கு விளையாடப் போகவில்லை, போன் கேட்டு நச்சரிக்கவில்லை. நிம்மதியாக வேலை ஓடுகிறதே என்று கோகிலவாணி சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைக்க இப்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஏட்டி, எந்திரி. தரை ஈரமா இருக்கு பாரு."

"அப்பா எங்கம்மா வந்துகிட்டிருக்காங்க?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள். காலையிலிருந்து இது பத்தாவது தடவையோ என்னவோ.

"புனே தாண்டியிருக்கும்."

"சரி. அவங்க வார வரைக்கும் நான் இங்கனயே இருக்கேன்."

தூங்கினால் அறையின் நாலு மூலைக்கும் உருண்டு வருகிற பிள்ளை. இப்போது நேராக, மல்லாந்து, கைகளை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கிடந்தாள். போர்வை கால்வரை இழுத்து மூடியிருந்தது. கூடவே ஒரு வாசம் வந்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்து அழுகத் தொடங்கிய ரோஜா மாலையின் வாசம். திரையில் மாட்டுங்கா கல்யாணத்து மாப்பிள்ளை கழுத்தில் ரோஜா மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். வீடியோவிலிருந்தா வாசம் வரும் என்று தன்னையே கேலி செய்துகொள்ளப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

துணியை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தாள். எவர்சில்வர் தகடு முழுக்கப் பனி படிந்திருந்தது. பனி படியாத இடங்கள் சில கோடுகளாக, வளைவுகளாகத் தெரிந்தன. எழுத்துக்கள். யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்த பெயிண்டின் தடம். தமிழ் எழுத்துக்கள், அவள் இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

உ. ப. ய. ம்.

கோயில் டியூப்லைட்டில் எழுதியிருப்பார்களே, அந்த உபயம். அடுத்த வரிக்கு இன்னும் நேரம் பிடித்தது. தென்பாண்டி நலச் சங்கம், தாராவி. சங்கத்து உபயமாகச் சந்தில் என்னென்ன உண்டு என்று மனம் தன்போக்கில் எண்ணியது. குடிதண்ணீர்த் தொட்டி. கோடைக்கு நீர்மோர்ப் பந்தல். அப்புறம் அந்த நீளப் பெட்டி. கண்ணாடி மூடி போட்டது.

அவளுக்கு அந்த உறுமலைத் தெரியும். இரண்டு நாளாகத் தெரியும், தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள். அப்பா செத்த அன்று, ஊரிலிருந்து அண்ணன் வந்து சேரும்வரை, அந்தப் பெட்டியின் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். மெல்லிய, சீரான, மூச்சு விடாத உறுமல். இடையிடையே ஒரு 'டொக்'. வாசலில் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம்.

ஜன்னலுக்கு ஓடி, கீழே இஸ்திரிக் கடை வைத்திருக்கும் நெல்லையப்பனைக் கூப்பிட்டாள். சந்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சங்கத்துப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுப்பவர் அவர்தான்.

"மாமா, ஒரு எட்டு மேல வாங்க. ஜல்தி."

இரும்பு ஏணியில் மூச்சு வாங்க ஏறி வந்தவர் வாசலிலேயே நின்றார். உள்ளே ஒரு கால் வைக்கவில்லை. உறுமலைக் கேட்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சாவு வீட்டு வாசலில் செய்வது அது. கை தன்னால் செய்துவிட்டது. செய்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

"இது இங்க எப்படி தாயி வந்துச்சு?"

"அவியதான் கொண்டாந்தாவ. குர்லாவுல காயலான் கடையில கெடந்துச்சாம். நல்ல கம்ப்ரசர், இரும்புக்கு ஏது தீட்டுன்னு..."

"உருக்கிப் போடச் சொல்லில்லா குடுத்தோம்."

"ஏன் மாமா?"

"மூணு வருசம் இருக்கும். செம்பூர்ல ஒரு பிள்ள. காய்ச்சல். தகப்பன் சவுதியில, முதலாளி விட மாட்டேங்கான். அவன் வந்து முகத்தப் பாக்காம எடுக்கக் கூடாதுன்னு தாய்க்காரி ஒரே பிடியா நின்னா. மூணு நாள் வச்சிருந்தோம். அவன் வரல. நாங்க எடுத்துட்டோம். எடுத்துட்டுப் பெட்டிய அணைச்சா..." துண்டால் வாயைத் துடைத்தார். "அணையல தாயி. பிளக்கைப் பிடுங்கி என் கையில வச்சிருக்கேன். ஓடுது. அது அவனுக்குக் காத்துக்கிட்டு கெடக்கு."

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"ஏழு" என்றவர் அப்போதுதான் மேஜைக்கு அடியில் பார்த்தார். "இசக்கியா அது? ஏன் அப்படிக் கெடக்கா?" பதிலுக்கு நிற்கவில்லை. "நான் போய் ஆளக் கூட்டிட்டு வாரேன்" என்று ஏணியில் இறங்கிவிட்டார்.

பதிமூன்று.

அவள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டர் விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. மாப்பிள்ளை சிரித்த முகம் கறுத்து மறைந்தது. மின்விசிறியையும் நிறுத்தினாள். மெயின் சுவிட்சையும் இறக்கினாள்.

உறுமல் ஓடியது.

பதினொன்று.

போர்வையை இழுத்தாள். பிள்ளையின் இரண்டு கால் கட்டைவிரல்களும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கம்ப்யூட்டர் ஒயர்களைக் கட்டுகிற கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையால். அந்தப் பட்டைகளின் பாக்கெட் அலமாரியின் உச்சித் தட்டில் இருந்தது. நாற்காலி போட்டு ஏறினாலும் பிள்ளைக்கு எட்டாது. பாக்கெட் இன்னும் பிரிக்கப்படவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தாள். பட்டை அறுந்து விழுந்தது. விரல்கள் விலகவில்லை.

"செல்வி. ஏய் செல்வி. எம்மா, கண்ணு முழிடி."

அள்ளித் தூக்கினாள். நேற்றுவரை இடுப்பில் தூக்கிய பிள்ளை இப்போது இரண்டு கையையும் இழுத்தது. புடவை வழியாகக் குளிர் வயிற்றில் ஏறியது. வெயில். வெயிலுக்குக் கொண்டுபோனால் போதும். வாசலுக்கு ஓடினாள். ஏணியின் முதல் படியில் கொதிக்கிற வெயில் பிள்ளையின் முகத்தில் விழுந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"வெயில்ல கொண்டு போவாதம்மா" என்றாள் இசக்கிசெல்வி, மிகப் பொறுமையாக. "நாறிரும்."

கோகிலவாணி பின்வாங்கினாள். எப்படி உள்ளே வந்தாள், எப்போது கதவைச் சாத்தினாள் என்று தெரியவில்லை. பிள்ளையை மடியில் போட்டு உள்ளங்காலைத் தேய்த்தாள், கையைத் தேய்த்தாள், நெஞ்சில் காதை வைத்தாள். இருந்தது. துடிப்பு இருந்தது. ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. காத்துக்கொண்டிருக்கிற பெட்டி. ஏழு வயதுப் பிள்ளை. வந்துகொண்டிருக்கிற தகப்பன். அவன் வந்து முகத்தைப் பார்க்காதவரைக்கும் எடுக்க மாட்டார்கள். பார்க்காதவரைக்கும்.

போனை எடுத்தாள்.

"ஏங்க, வராதீங்க."

"என்ன பிள்ள? சத்தமாப் பேசு." பின்னால் ஆட்டோ ஹாரன், யாரோ இந்தியில் திட்டும் சத்தம். "கல்யாண்லயே எறங்கி லோக்கல் புடிச்சிட்டேன். சயான்லருந்து நடந்து வாரேன். அல்வா வாங்கியாந்திருக்கேன், செல்விட்ட சொல்லு."

"வராதீங்க. திரும்பிப் போங்க. எங்கயாச்சும் போங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கேன், பிள்ள முகத்தப் பாக்காதீங்க."

"பிள்ளைக்கு என்னாச்சு?" அவன் குரல் உடைந்தது. "கோகிலா, பிள்ளைக்கு என்னாச்சு?"

தப்பாகச் சொல்லிவிட்டாள். எந்தத் தகப்பன் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவான்? போனில் அவன் ஓடும் மூச்சு இரைந்தது. பிறகு இணைப்பு போய்விட்டது.

ஏழு. ஆறு.

தாழ்ப்பாளைப் போட்டாள். கதவில் முதுகைச் சாய்த்து, பிள்ளையின் முகத்தைத் தன் நெஞ்சோடு திருப்பிப் பொத்திக்கொண்டாள். முந்தானையால் மூடினாள். வாசம் அறை முழுக்க இருந்தது. ரோஜா. ஊதுபத்தி. ஈரம்.

ஏணி அதிர்ந்தது. இரண்டிரண்டு படியாக.

"கோகிலா! கதவத் தொற!"

"மாட்டேன்."

"தொறட்டி! செல்வி! எம்மா செல்வி, அப்பா வந்துட்டேன்!"

கதவு அவள் முதுகில் இடித்தது. இடித்தது. இன்னும் நாலு இடி தாங்கும் என்று நினைத்தாள். தாங்கவும் செய்தது. பிறகு இடி நின்றது. போய்விட்டானா? போயிருப்பான். உடைக்க ஆள் கூப்பிடப் போயிருப்பான். அதுவரை நேரம் இருக்கிறது.

நான்கு.

மடியில் கனம் மாறியது. பிள்ளையின் தலை, அவள் கைக்கு அடங்காமல், மெல்லத் திரும்பியது. முந்தானை நழுவியது. அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தலை நிற்கவில்லை. கதவுக்குப் பக்கத்துச் சுவரை நோக்கித் திரும்பியது. கண்கள் மூடியிருந்தன.

சுவரில் இன்டர்நெட் ஒயருக்காகப் பேச்சிராஜா தன் கையாலேயே போட்ட துளை இருந்தது. ஒயர் போக ஒரு விரல் இடம் மிச்சம். அதன் வழியாக அவன் கண் தெரிந்தது. கலங்கி, சிவந்து, இமைக்காமல் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டொக்.

உறுமல் நின்றது.

மூன்று வருஷம் காத்துக் கிடந்தது நின்றதும் அறையில் வந்த அமைதியில் கோகிலவாணிக்குத் தன் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு மூச்சுதான் கேட்டது.

"அப்பா பாத்தாச்சுல்லா?" என்றது மடியிலிருந்து ஒரு குரல். இசக்கிசெல்வியின் குரல்தான். உதடு அசையவில்லை. "இனி எடுத்துரலாம்."

கீழே, ஏணிக்கு அடியில், நெல்லையப்பன் கூட்டி வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது.